கடைசி நாள் நிற்பவருக்கே முதல் டிக்கெட்

நெவாடா பாலைவனத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பர்னிங் மேன் திருவிழாவில் நாங்கள் ஒரு முகாம் போடுகிறோம். இதைச் சொன்னதும் எல்லோரும் வெயிலைப் பற்றியும் புழுதியைப் பற்றியும்தான் கேட்பார்கள். வெயிலுக்குப் பந்தல் இருக்கிறது, புழுதிக்கு முகமூடி இருக்கிறது, எப்படியோ சமாளித்துவிடலாம். ஆண்டுத் தொடக்கத்தில் டிக்கெட் விற்பனை அறிவிப்பு வந்ததும் என் போன் அடிக்க ஆரம்பிக்குமே, அதற்குத்தான் மருந்து கிடையாது. "அக்கா, நல்லா இருக்கீங்களா? பேசி ரொம்ப நாளாச்சு" என்று ஒரு குரல் இழுத்தாலே, அடுத்து டிக்கெட் கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1986ல் லாரி ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் எட்டடி உயர மரப்பொம்மை ஒன்றைக் கொளுத்தினார்கள். அதுதான் தொடக்கம். 1990ல் விழா பிளாக் ராக் பாலைவனத்துக்கு இடம்பெயர்ந்தது. இப்போது ஆகஸ்ட் கடைசியில் எழுபதாயிரம் பேர் வந்து தங்கும் நகரம் ஒன்று அங்கே முளைக்கிறது, செப்டம்பர் தொடக்கத்தில் கலைந்துவிடுகிறது. இடம் ஒரு வறண்ட ஏரிப்படுகை. குடிதண்ணீரைக்கூட நாமேதான் சுமந்துகொண்டு போக வேண்டும். தலைக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை காலன், அதாவது கிட்டத்தட்ட ஆறு லிட்டர் என்று கணக்கு. உள்ளே போய்விட்டால் பனிக்கட்டியைத் தவிர கிட்டத்தட்ட எதையும் காசுக்கு வாங்க முடியாது. மற்றதெல்லாம் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சும்மா கொடுப்பதுதான். அப்படிக் கொடுப்பதற்கென்றே கூட்டாகச் சேர்ந்து போடுவதுதான் தீம் கேம்ப். ஒரு முகாமில் தேநீர் ஊற்றுவார்கள், இன்னொன்றில் விடியவிடிய நடனம் இருக்கும். நாங்கள் சைக்கிள் பழுது பார்க்கிறோம்.

சைக்கிள் இல்லாமல் அந்த ஊரில் வாழ்க்கை நகராது. நகரத்தின் அமைப்பு ஒரு பெரிய கடிகார முகம். நடுவில், கடைசியில் கொளுத்தப்போகும் மரத்தாலான மனித உருவம். இரண்டு மணியிலிருந்து பத்து மணி வரை ஆரத் தெருக்கள். அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு எஸ்பிளனேடில் தொடங்கி ஆங்கில எழுத்து வரிசையில் வளைவுத் தெருக்கள். அலங்கார வண்டிகளைத் தவிர, கார் என்பது வந்து சேரவும் திரும்பிப் போகவும் மட்டும்தான். ஆக எழுபதாயிரம் பேரும் சைக்கிளில்தான் சுற்றுகிறார்கள். அவற்றில் பாதி, பழைய சாமான் கடையிலிருந்து போன வாரம்தான் இறங்கியவை. தரையெல்லாம் மாவு போன்ற காரப் புழுதி. செயினில் எண்ணெய் விட்டு வந்தவர்களுக்கு இரண்டாம் நாளே செயின் முழுக்கச் சாந்து பூசியது போல் ஆகிவிடும். பஞ்சர், அறுந்த பிரேக் கம்பி, கழன்ற பெடல், இருட்டில் கூடார முளையில் மோதி எட்டு போட்ட ரிம் என்று காலை முதல் வரிசை நிற்கும். பஞ்சரை யாருக்கு வேண்டுமானாலும் அரைமணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ரிம்முக்குப் பெண்டு எடுப்பது அப்படியில்லை. எந்த ஸ்போக்கைக் கால் திருகு முறுக்க வேண்டும், எதிரில் எதைத் தளர்த்த வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விரல் உள்ளவர்கள் எங்கள் குழுவில் இரண்டே பேர்.

இந்த இரண்டு பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் பஞ்சம் என்பதை இவர்களை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

2011 வரைக்கும் டிக்கெட் ஒரு பிரச்சினையே இல்லை. மெதுவாக வாங்கலாம், கடைசி நேரத்தில்கூட வாங்கலாம். அந்த ஆண்டு ஜூலையில் முதன்முறையாக டிக்கெட் மொத்தமும் விற்றுத் தீர்ந்தது. அடுத்த ஆண்டு கூட்டம் அலைமோதும் என்று பயந்த அமைப்பாளர்கள் 2012ல் நாற்பதாயிரம் டிக்கெட்டைக் குலுக்கலுக்கு விட்டார்கள். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், சீட்டு விழுந்தவருக்கு டிக்கெட். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் யார் ஜெனரேட்டரைக் கட்டி மேய்ப்பவர், யார் வேடிக்கை பார்க்க வருபவர் என்று குலுக்கலுக்கு எப்படித் தெரியும்? தங்களுக்கு வேண்டியதில் கால்வாசிதான் விழுந்தது என்று முகாம் முகாமாகப் புலம்பினார்கள். நான் அப்போது எங்கள் முகாமில் வெறும் பஞ்சர் ஆள். எனக்கு விழுந்தது. பெண்டு எடுக்கும் இரண்டு பேருக்கும் விழவில்லை. சமையல் பார்க்கும் அண்ணனுக்கு விழுந்தது, அடுப்பும் பாத்திரமும் ஏற்றிவரும் லாரியை ஓட்டுபவருக்கு விழவில்லை. நூறு பேரில் எழுபது பேருக்குக் கிடைத்தால் முகாம் எழுபது சதவீதம் நடக்கும் என்று காகிதத்தில் எழுதலாம். லாரிக்காரர் இல்லாத முகாம் பூஜ்யம் சதவீதம்தான் நடக்கும்.

கூச்சல் பெரிதாகவே, மார்ச்சில் பொது விற்பனைக்கு என்று ஒதுக்கியிருந்த பத்தாயிரம் டிக்கெட்டை அமைப்பாளர்கள் அப்படியே முகாம்களுக்கும் கலைக் குழுக்களுக்கும் திருப்பிவிட்டார்கள். தனியாளாகப் போகிறவர்களுக்கு அதில் கோபம், அதிலும் நியாயம் உண்டு. அந்த ஏற்பாடுதான் பிறகு டைரக்டட் குரூப் சேல் என்று நிலைபெற்று, இப்போது ஸ்டூவர்ட்ஸ் சேல் என்ற பெயரில் நடக்கிறது. நல்ல பெயர் எடுத்த முகாம்களுக்கு முன்கூட்டியே ஓர் ஒதுக்கீடு. முகாம் மொத்தமாக வாங்கிப் பங்குபோட முடியாது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரில் பதிந்து, தன் காசைக் கட்டி வாங்க வேண்டும். கேட்டதெல்லாம் கிடைக்காது. ஐம்பது பேர் முகாமுக்கு முப்பது வந்தால் அதிர்ஷ்டம்.

அந்த முப்பது யாருக்கு? என் போன் அடிப்பதன் காரணம் இதுதான்.

முதலில் நாங்கள் மூப்பு அடிப்படையில் கொடுத்தோம். யார் அதிக வருடம் வந்தார்களோ அவர்களுக்கு முன்னுரிமை. இதில் சண்டை குறைவு, ஏனென்றால் கணக்கு யாருக்கும் தெரியும். ஆனால் மூத்தவர்களில் பலர் வந்து இறங்கியதும் சாய்வு நாற்காலியைப் பிரித்துவிடுவார்கள். "நாங்க அந்தக் காலத்துல எவ்வளவு வேலை பாத்திருக்கோம் தெரியுமா" என்பார்கள். பார்த்திருக்கிறார்கள்தான், மறுக்கவில்லை. பிறகு திறமை அடிப்படை என்று மாற்றினோம். பெண்டு எடுப்பவர், மின்சாரம் தெரிந்தவர், லாரி ஓட்டுபவர், முதலுதவி தெரிந்தவர் என்று ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒரு திறமை முளைத்துவிட்டது. ஒருவர் தனக்குக் 'கூட்டத்தை உற்சாகப்படுத்தும்' திறமை இருப்பதாக எழுதி அனுப்பினார்.

கடைசியில் வந்து நின்ற விதி இது: போன வருடம் செவ்வாய்க்கிழமை வரை நின்றவர்களுக்கு முதல் டிக்கெட்.

ஏன் செவ்வாய்க்கிழமை என்று சொல்கிறேன். சனிக்கிழமை இரவு மனித உருவத்தைக் கொளுத்துவார்கள். ஞாயிறு இரவு கோயில் என்று அழைக்கப்படும் மரக் கட்டடம் எரியும். திங்கள் அமெரிக்கத் தொழிலாளர் தினம், விழா அத்தோடு சரி. செவ்வாய் நண்பகலுக்குள் எல்லோரும் வெளியேற வேண்டும். ஞாயிறு காலையிலிருந்தே கூட்டம் கரையத் தொடங்கும். நெடுஞ்சாலைக்கு வரவே பல மணிநேரம் வரிசையில் ஊர வேண்டும் என்பதால், "முன்னாடியே கிளம்பினா நல்லது அக்கா, திங்கள்கிழமை ஆபீஸ்" என்பது பிரபலமான வசனம். திங்கள்கிழமை நாடு முழுக்க விடுமுறை. அதைச் சொல்லிக் காட்டினால் முகம் மாறிவிடும், அதனால் சொல்வதில்லை.

எல்லோரும் போன பிறகுதான் முகாமின் உண்மையான வேலை. பந்தலை இறக்க வேண்டும். தரையில் அறைந்த ஓரடி நீளத் திருகாணிகளை இம்பாக்ட் டிரைவர் வைத்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழிவுநீரை ஒரு சொட்டுக்கூடத் தரையில் விடாமல் எடுத்துப் போக வேண்டும். அதற்கப்புறம் குப்பை பொறுக்குவது. அங்கே குப்பைக்கு மூப் என்று பெயர், இடம்மாறிக் கிடக்கும் எந்தப் பொருளும் மூப்தான். குப்பைத்தொட்டியே கிடையாது.

சைக்கிள் முகாமின் மூப் ஒரு தனி ரகம். ஜிப் டை போட்டு நறுக்கினால் தெறிக்கும் பிளாஸ்டிக் நுனி. பஞ்சர் ஒட்டத் தேய்க்கும்போது உதிரும் ரப்பர்த் துகள். பிரேக் கம்பி நுனியில் பிரிந்த ஒற்றை இழை. எல்லாவற்றுக்கும் மேலாகப் பால்ரஸ் குண்டு. ஒரு வீல் ஆக்சிலைத் திறக்கும்போது கை நழுவினால் மிளகளவு எஃகுக் குண்டுகள் ஓடும், புழுதி அப்படியே மூடிவிடும். அதனால் பழைய கம்பளம் விரித்து அதன்மேல்தான் வேலை செய்கிறோம். அப்படியும் கடைசி நாள் காந்தம் கட்டிய துடைப்பத்தைத் தரையில் இழுத்தால் கம்பளிப்பூச்சி மாதிரி இழைகள் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு கைநீள இடைவெளியில் வரிசையாக நின்று முகாமின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்போம். ஒருவர் குனிந்தால் வரிசை மொத்தமும் நிற்க வேண்டும், அதுதான் முறை. பத்துப் பேர் வரிசையில் நின்றால் இரண்டு மணி நேரம். நான்கு பேர் என்றால் பொழுது சாய்ந்துவிடும், அதற்குள் புழுதிக்காற்று எழும்பினால் பாதியில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதற்கும் டிக்கெட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அது மத்திய அரசின் நிலம், நில மேலாண்மைத் துறை அனுமதி கொடுத்தால்தான் விழா நடக்கும். எத்தனை பேர் வரலாம் என்ற உச்சவரம்பு வருவதும் அந்த அனுமதியில்தான். டிக்கெட் பஞ்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. முடிந்த பிறகு அவர்கள் வந்து சோதிப்பார்கள். சராசரியாக ஓர் ஏக்கருக்கு ஒரு சதுர அடிக்கு மேல் குப்பை இருக்கக்கூடாது. அதற்கு முன் அமைப்பாளர்களின் துப்புரவுக் குழு நகரம் முழுவதையும் நடந்து பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடத்தில் வண்ணமிட்டு வெளியிடும். உங்கள் முகாம் இருந்த இடத்தில் சிவப்பு விழுந்தால் அடுத்த வருடம் இடம் ஒதுக்கும்போதும் டிக்கெட் ஒதுக்கும்போதும் அது பேசும். ஆக, அடுத்த பிப்ரவரியில் எங்களுக்கு முப்பது டிக்கெட்டா பதினைந்தா என்பது திங்கள் மதியம் வரிசையில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதில் இருக்கிறது. டிக்கெட்டைச் சம்பாதிப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு முதலில் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

இந்த விதியைச் சொன்னபோது இரண்டு மூத்தவர்கள் கோபித்துக்கொண்டு வேறு முகாமுக்குப் போனார்கள். போகட்டும். ஒரு பெண் மட்டும் கேட்ட கேள்வி சரியாக இருந்தது: "கைக்குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு வரேன், ஞாயித்துக்கிழமை போயே ஆகணும். என்னால நிக்க முடியாதுன்னா நான் வேலை செய்யலன்னு ஆயிடுமா?" ஆகாதுதான். அவர் ஒரு வாரம் முன்பே வந்து பந்தல் கட்டுகிறவர். முன்னதாக உள்ளே போவதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், அதுவும் எண்ணிக்கையில் குறைவு. சீக்கிரம் வந்து கட்டுபவர்களையும் அதே பட்டியலில் சேர்த்தோம். ஆனால் இரண்டும் சமம் என்று நான் நினைக்கவில்லை. கட்ட ஆள் எப்போதும் கிடைக்கும், அப்போது எல்லோருக்கும் உற்சாகம் பொங்கும். பிரிக்கத்தான் ஆள் இருக்காது. கல்யாண வீட்டில் பந்தக்கால் நடும்போது இருக்கும் கூட்டம் பாத்திரம் கழுவும்போது இருக்கிறதா என்ன.

பணம். இதைப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் முகாம் நடத்த வரவே கூடாது. லாரி வாடகை, ஜெனரேட்டர், எரிபொருள், தண்ணீர், வருடம் முழுக்கச் சாமான் கிடக்கும் கொட்டகைக்கு வாடகை என்று பொதுச்செலவு இருக்கிறது. இந்தச் செலவு தலை குறைந்தால் குறையாது. ஐம்பது பேருக்குப் போடும் பந்தலும் முப்பத்தைந்து பேருக்குப் போடும் பந்தலும் ஒரே லாரியில்தான் ஏறும். எனவே டிக்கெட் கிடைக்காமல் பதினைந்து பேர் கழன்றால் மீதிப் பேரின் பங்கு எகிறும். டிக்கெட் விலையே சும்மா இல்லை: 2022ல் முக்கிய விற்பனையில் ஒரு டிக்கெட் 575 டாலர், வாகன அனுமதி தனியாக 140 டாலர். அதற்குமேல் முகாம் பங்கும் ஏறினால் மாணவர்களும் சம்பளம் குறைந்தவர்களும் முதலில் விலகுவார்கள். அவர்களில்தான் செவ்வாய்க்கிழமை ஆட்கள் அதிகம் என்பது என் அனுபவம்.

ஆகவே டிக்கெட் கையில் உள்ளவர்களை மட்டும் எண்ணி முகாமைத் திட்டமிடுகிறோம். அந்த எண்ணிக்கைக்கு என்ன பந்தல், எத்தனை பழுது மேடை என்று முடிவு செய்கிறோம். மேலே வருபவர்கள் வந்தால் லாபம். டிக்கெட் இல்லாதவரிடம் பங்குப் பணம் வாங்குவதில்லை. "பரவால்ல, வெச்சுக்கங்க, எப்படியும் கிடைச்சுடும்" என்று வலிய வென்மோ செயலியில் பணம் அனுப்பினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். கிடைக்காமல் போனால் அந்தப் பணத்தைக் கேட்பதில் அவருக்குச் சங்கடம், செலவழித்துவிட்டதால் எனக்குச் சங்கடம். அதைவிடப் பெரிய சங்கடம், பணம் கொடுத்தவருக்கு டிக்கெட் தரும் கடமை முகாமுக்கு வந்துவிட்டது போல ஆகிவிடுவது.

இன்னொன்று, முறைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். பஞ்சத்தில் பாதி நாமே உண்டாக்கியது. 2012 குலுக்கலில் என்ன நடந்தது? ஒரு டிக்கெட் வேண்டியவர்கள், விழாதோ என்ற பயத்தில் நண்பன், தங்கை, அலுவலகத் தோழி எல்லோர் பெயரையும் போட்டார்கள். ஒருவருக்கு ஒன்று வேண்டிய இடத்தில் மூன்று விண்ணப்பம். சிலருக்கு மூன்றும் விழுந்தது, பலருக்கு ஒன்றும் விழவில்லை. ஆகஸ்டில் பார்த்தால் பிப்ரவரியில் அழுதவர்களுக்கெல்லாம் எங்கிருந்தோ டிக்கெட் வந்துவிட்டது, வாங்கிய விலைக்கே. அந்த ஆண்டுதான் ஸ்டெப் என்ற மறுவிற்பனை ஏற்பாட்டையும் தொடங்கினார்கள். வேண்டாதவர் திருப்பிக் கொடுப்பார், காத்திருப்பவருக்கு அசல் விலையில் போகும். எங்கள் குழுவில் இப்போது ஒரே நிபந்தனை: கூடுதலாக ஒரு டிக்கெட் வைத்திருந்தால் குழுவில் சொல்லிவிட வேண்டும், ஒளித்து வைக்கக்கூடாது. ஸ்ப்ரெட்ஷீட்டில் அதற்கென்று ஒரு பத்தி இருக்கிறது. ஜூலை முடிய அந்தப் பத்தியைப் பார்த்தால் 'கூடுதல்' என்பதும் 'தேவை' என்பதும் கிட்டத்தட்ட நேராகிவிடும். அதுவரை தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று புதியவர்களிடம் சொல்வேன். கேட்கமாட்டார்கள்.

கறுப்புச் சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்கி வருகிறேன் என்பவரை நாங்கள் சேர்ப்பதில்லை. அறம் ஒரு காரணம். போலி டிக்கெட்டோடு வாசலில் நின்று அழும் ஆளைத் தேற்ற எனக்கு நேரமில்லை என்பது இன்னொன்று.

எங்கள் விதிக்குச் சோதனை வந்தது 2023ல். செப்டம்பர் முதல் தேதி மழை கொட்டியது. அந்தப் புழுதி நனைந்தால் களிமண் பசை. நடந்தால் ஒவ்வொரு செருப்பிலும் ஒரு செங்கல் ஒட்டிக்கொள்ளும். சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே சேறு அப்பிப் பூட்டிக்கொள்ளும். வாசலை மூடிவிட்டார்கள், வண்டி எடுக்கத் தடை. சோறையும் தண்ணீரையும் சிக்கனமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அறிவிப்பு வந்தது. திங்கள் மதியம்தான் வெளியேற வழி திறந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடத் துடித்த நாள் அது. எங்கள் பட்டியலில் முதல் வரிசையில் இருந்தவர்களில் ஒருவர்கூட அன்றைக்குக் கிளம்பவில்லை. காய்ந்து கல்லான சேற்றிலிருந்து கம்பளத்தைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள். பெண்டு எடுப்பவர் எங்கள் வண்டிகளை விட்டுவிட்டு, பக்கத்து முகாம்காரர்கள் தூக்கிப்போட இருந்த சைக்கிள்களை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிச் சுரண்டி ஓட வைத்துக்கொண்டிருந்தார். "விட்டுட்டுப் போனா இதுவும் மூப்தான் அக்கா" என்றார்.

2024ல் நிலைமை தலைகீழ். 2011க்குப் பிறகு முதன்முறையாக டிக்கெட் முழுதாக விற்றுத் தீரவில்லை. விழா தொடங்கும் வரை வாங்க முடிந்தது. என் போன் அமைதியாகிவிட்டது. பழைய விதியை இனி தூக்கிப்போட்டுவிடலாமே என்று எங்கள் கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கலாம் என்றதும், சேருகிறேன் என்று கை தூக்கியவர்கள் இரண்டு மடங்கு. திங்கள்கிழமை நிற்பேன் என்று பெயர் எழுதியவர்கள் அதே பழைய ஆட்கள். இப்போது அந்தப் பட்டியலை டிக்கெட்டுக்குப் பதிலாக முகாம் இடத்துக்கு வைத்திருக்கிறோம். செவ்வாய் வரை நிற்க எத்தனை பேரோ அதைப்போல மூன்று மடங்கு ஆட்கள், அதற்குமேல் சேர்ப்பதில்லை. அந்தக் கணக்கில் முகாம் சிறுத்துவிட்டது. பழுது மேடை நான்கில் ஒன்றைக் குறைத்தோம், லாரியும் ஒரு அளவு சிறியதாக எடுத்தோம். பெண்டு எடுக்க மூன்றாவதாக ஒரு பையன் கற்றுக்கொண்டிருக்கிறான். ஒரு ரிம்மை நேராக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகிறது அவனுக்கு, திட்டிக்கொண்டே செய்கிறான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவன் லீவு போட்டுவிட்டான், அதை நான் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன்.